ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டால் பில் எவ்வளவு ஏறும்?

பாகான் செராய் சந்தைப் பக்கம் காலை நேரத்தில் போனால் இப்போதெல்லாம் ஒரு புதுக் காட்சியைப் பார்க்கலாம். மீன்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவே, மூன்று சக்கரத்திலோ நான்கு சக்கரத்திலோ ஊர்ந்து வரும் மொபிலிட்டி ஸ்கூட்டர்கள். முன்னால் ஒரு கூடை, பின்னால் ஒரு ஊன்றுகோல், மேலே வயதான ஒருவர். பக்கவாதம் வந்தவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள். சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் தேட வேண்டிய நிலையில் இருந்தவர்கள், இன்று தாங்களே கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள்.

இந்த வண்டி பிறந்த கதையும் ஒரு குடும்பக் கதைதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குழாய் வேலை பார்த்துவந்த ஆலன் தீம் என்பவர், நரம்பு நோயால் நடக்க முடியாமல் போன தம் குடும்பத்தார் ஒருவருக்காக 1968-இல் ஒன்றைச் செய்தார். அதுதான் இன்றைய மொபிலிட்டி ஸ்கூட்டர்களின் முன்னோடி.

நம்மிடையே இதன் தேவை கூடிக்கொண்டே போகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களின் நிலைதான் மோசம். அதனால் இந்த வண்டி நம் வீட்டு வாசலுக்கும் வரக்கூடிய ஒன்று.

கிரியான் வட்டாரத்தில் வீட்டு வயரிங் வேலை பார்ப்பவன் நான். வண்டி வாங்கிய வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இது மாசத்துக்கு எவ்வளவு கரண்டு இழுக்கும்?" நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை என் அத்தை வீட்டிலேயே பார்த்தேன். அந்தக் கதைக்குப் போவதற்கு முன், கணக்கைக் கற்றுக்கொள்வோம். ஆறாம் வகுப்புப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்கள்

மின்கட்டண பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. அதாவது 1,000 வாட் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. 100 வாட் கருவி என்றால் பத்து மணி நேரம் ஓடலாம்.

ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒவ்வொன்றும் 12 வோல்ட். இரண்டையும் தொடராக இணைத்திருப்பதால் மொத்தம் 24 வோல்ட். பேட்டரியின் பக்கவாட்டில் இன்னொரு எண் இருக்கும்: 12, 20, 35, 50 என்று. அதன் பக்கத்தில் 'ஏஎச்' என்று போட்டிருப்பார்கள். ஆம்பியர் மணி என்பதன் சுருக்கம் அது. தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு மாதிரி, பேட்டரியின் கொள்ளளவு. தொடராக இணைக்கும்போது வோல்ட் மட்டும்தான் கூடும். ஆம்பியர் மணி கூடாது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு 20 ஆம்பியர் மணி பேட்டரி இருந்தாலும் கணக்குக்கு 20-தான்.

வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரம் வாட் மணியில் கிடைக்கும். 24 × 20 = 480 வாட் மணி. ஏறக்குறைய அரை யூனிட்.

ஆனால் 480 வாட் மணியை உள்ளே நிரப்ப, சுவரிலிருந்து 480 மட்டும் எடுத்தால் போதாது. சார்ஜர் சூடாகிறது, பேட்டரியும் கொஞ்சம் சூடாகிறது. அந்தச் சூடெல்லாம் நாம் காசு கொடுத்த மின்சாரம்தான். ஈய அமில பேட்டரியில் சார்ஜர் இழப்பு, பேட்டரி இழப்பு இரண்டையும் சேர்த்தால், சுவரிலிருந்து எடுப்பதில் ஏறக்குறைய 70 விழுக்காடுதான் திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 480-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும். வருவது 686 வாட் மணி, அதாவது 0.69 யூனிட்.

சுழியத்திலிருந்து முழுமையாக ஒரு தடவை நிரப்புவதற்கு, 24 வோல்ட் வண்டிகளுக்கான கணக்கு இது:

12 ஆம்பியர் மணி: 0.41 யூனிட்
20 ஆம்பியர் மணி: 0.69 யூனிட்
35 ஆம்பியர் மணி: 1.20 யூனிட்
50 ஆம்பியர் மணி: 1.71 யூனிட்
75 ஆம்பியர் மணி: 2.57 யூனிட்

காரின் பின்னால் மடித்து வைக்கும் சிறிய வண்டிகளில் 12 ஆம்பியர் மணி இருக்கும். பெரிய இருக்கையும் பெரிய சக்கரமும் கொண்ட வண்டிகளில் 50, 75 வரை போகும். ஒரு விஷயம்: யாரும் பேட்டரியைச் சுத்தமாக வற்றவிட்டு வீட்டுக்கு வருவதில்லை, வரவும் கூடாது. சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வந்தால் பாதி செலவாகியிருக்கும். அப்படியானால் 20 ஆம்பியர் மணி வண்டிக்கு ஒரு நாளைக்கு 0.34 யூனிட். நிரம்பிய பிறகும் விடியும்வரை சார்ஜர் சொட்டுச் சொட்டாக எடுப்பதையும் சேர்த்து 0.4 யூனிட் என்று போட்டுக்கொள்ளுங்கள். தினமும் போட்டால் மாதத்துக்கு 12 யூனிட். அவ்வளவுதான்.

சார்ஜர் லேபிள் காட்டும் பூச்சாண்டி

இந்தக் கணக்கில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பேட்டரியைப் பார்க்காமல் சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பார்ப்பார்கள். அங்கே உள்ளே போகும் மின்சாரம் 240 வோல்ட், 1.5 ஆம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 360 வாட். இரவு பத்து மணி நேரம் போட்டால் 3.6 யூனிட். முப்பது நாளைக்கு 108 யூனிட். அடேயப்பா என்று தோன்றும்.

அந்த 1.5 ஆம்பியர், சார்ஜர் எந்த நேரத்திலும் தாண்டக் கூடாத உச்ச வரம்பு. ஒயரும் பியூசும் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. சார்ஜர் உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று அறிய, அதே லேபிளில் வெளியே வரும் மின்சாரத்தைப் பாருங்கள். 24 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால், பேட்டரிக்குள் போவது சுமார் 55 வாட். சுவரிலிருந்து எடுப்பது 65 வாட் பக்கம். ஒரு சீலிங் காற்றாடிக்கு ஆகும் செலவு.

அதுவும் இரவு முழுக்க அப்படியே எடுக்காது. சார்ஜ் ஆவதில் கட்டங்கள் உண்டு. முதலில் ஒரே அளவில் மின்சாரம் பாயும். பேட்டரி ஏறக்குறைய நிறைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பச்சை விளக்கு எரிந்த பிறகு, பேட்டரி இறங்காமல் இருக்க ஒரு சொட்டு மட்டும் போய்க்கொண்டிருக்கும். ஆகவே முழு வாட்டையும் முழு இரவோடு பெருக்குவது தப்புக் கணக்கு. மேலே சொன்ன 108 யூனிட்டுக்கும் நிஜமான 12 யூனிட்டுக்கும் ஒன்பது மடங்கு வித்தியாசம்.

கணக்கை நம்ப மனம் வராதவர்களுக்கு ஒரு வழி. பிளக்குக்கும் சுவர்த் துளைக்கும் நடுவே செருகும் சின்ன மின் அளவி, மின்சாதனக் கடைகளில் கிடைக்கிறது. சார்ஜரை அதில் செருகி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ஏழு நாளில் எத்தனை யூனிட் என்று அதுவே காட்டும். நாலால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொண்டால் மாதக் கணக்கு. வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தியிருந்தால், தெனாகாவின் மைடிஎன்பி செயலியில் தினசரிப் பயன்பாட்டைப் பார்க்கலாம்.

ஒரு யூனிட்டுக்கு எத்தனை சென்?

யூனிட் தெரிந்துவிட்டது. இனி விலை. இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது, கவனமாகப் படியுங்கள்.

2025 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன்பு வரை, முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த 100-க்கு 33.40 சென், அதற்கடுத்த 300-க்கு 51.60 சென் என்று படிப்படியாக இருந்தது. 2014 முதல் நமக்குப் பழகிய கணக்கு அது. மேல் படிக்குப் போனாலும், கீழ்ப் படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கு விலை மாறாது.

2025 ஜூலைக்குப் பிறகு தீபகற்ப மலேசியாவில் முறையே மாறிவிட்டது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு, எரிசக்திக் கட்டணம் 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், கம்பிக் கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். மூன்றும் சேர்த்து யூனிட்டுக்கு 44.43 சென். இதிலிருந்து, குறைவாகப் பயன்படுத்துபவர்களுக்கு மின்சிக்கன ஊக்கத்தொகை என்று ஒரு கழிவு கொடுக்கிறார்கள். 200 யூனிட் வரை 25 சென் கழிவு. 201 முதல் 250 வரை 24.5. 251 முதல் 300 வரை 22.5. 301 முதல் 350 வரை 21. 351 முதல் 400 வரை 17. 401 முதல் 450 வரை 14.5. இப்படியே குறைந்துகொண்டு போய் 1,000 யூனிட்டோடு முடிகிறது.

கழித்த பிறகு நிகர விலை இப்படி வரும்: 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 19.43 சென். 300-க்குள் என்றால் 21.93. 350-க்குள் 23.43. 400-க்குள் 27.43. 600-க்குள் 35.43.

அப்படியானால் நம் 12 யூனிட்டுக்கு எவ்வளவு? கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் சின்ன வீட்டில், 200 யூனிட்டுக்குள் இருந்தால், மாதம் 2 ரிங்கிட் 33 சென். 350-க்குள் இருக்கும் வீட்டில் 2 ரிங்கிட் 81 சென். குளிர்சாதனம் ஓடும் 600 யூனிட் வீட்டில் 4 ரிங்கிட் 25 சென். கோப்பிக் கடையில் ஒரு தே தாரேவும் ரொட்டி சானாயும் சாப்பிட்ட காசு.

350 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில், தினமும் ஏழு கிலோமீட்டர் ஓடினால், ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை சென்கூட ஆகாது. மானிய விலை பெட்ரோல் போட்டு ஓடும் சின்ன மோட்டார் சைக்கிளுக்குக்கூட கிலோமீட்டருக்கு நாலு சென் பக்கம் ஆகும்.

ஆனால் புதிய முறையில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. ஊக்கத்தொகை, அந்தந்தப் படியில் இருக்கும் யூனிட்டுக்கு மட்டும் அல்ல. அந்த மாதத்தின் மொத்த யூனிட்டுக்கும் ஒரே விகிதம். 350 யூனிட் பயன்படுத்தினால் 350-க்கும் 21 சென் கழிவு. 351 ஆகிவிட்டால் 351-க்கும் 17 சென்தான். 350 யூனிட்டுக்கு 82 ரிங்கிட். 351 யூனிட்டுக்கு 96 ரிங்கிட் 28 சென். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 14 ரிங்கிட்டுக்கு மேல்!

அத்தை வீட்டில் நடந்தது

என் அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நீரிழிவால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மகனும் மருமகளும் சேர்ந்து, பழைய ஸ்கூட்டர் ஒன்றைப் பினாங்கிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார்கள். 24 வோல்ட், 20 ஆம்பியர் மணி. அந்த முதல் மாதம் அத்தை வீட்டிலேயே தங்கவில்லை. காலையில் சந்தை, சாயங்காலம் கோயில், நடுவில் பழைய தோட்டத்துத் தோழி ஒருவரின் வீடு. நான் போகும்போதெல்லாம் கதவு பூட்டியிருக்கும்.

அடுத்த மாத பில் வந்தது. முந்தைய மாதம் ஏறக்குறைய 80 ரிங்கிட். இந்த மாதம் 97. வீட்டில் புதிதாக வந்தது ஸ்கூட்டர் ஒன்றுதான். மச்சான் சார்ஜரைத் திருப்பிப் பார்த்து, நான் மேலே சொன்ன அந்த 360 வாட் கணக்கைப் போட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை. பில் ஏன் ஏறியது என்று புரிந்துகொள்ளத்தான். ஆனால் அத்தை காதில் விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் நான் போனபோது, வண்டி அஞ்சடியில் துணி போட்டு மூடிக் கிடந்தது. "ஏன் அத்தை, வெளியே போகலையா?" என்றேன்.

"எதுக்குய்யா வீண் செலவு? கரண்டு பில்லு ஏறிப்போச்சாம். வெள்ளிக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போனா போதும்."

இதில் ஒரு தலைமுறையின் பழக்கம் இருக்கிறது. பேராக் ஆற்றின் செண்டரோ அணை 1930-இலேயே மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. ஆனாலும் நம் தோட்டத்து லயங்கள் பலவற்றில் அதற்கப்புறம் பல காலம் ஜெனரேட்டர் விளக்குதான். இரவு குறிப்பிட்ட நேரமானால் அணைத்துவிடுவார்கள். அந்த வெளிச்சத்தில் வளர்ந்தவர்களுக்கு மின்சாரம் என்றால் யாரோ அளந்து கொடுக்கும் பொருள். வீட்டில் செலவு ஏறினால் முதலில் தன் தேவையைத்தான் வெட்டிக்கொள்வார்கள். மகனிடம் கேட்கவும் மாட்டார்கள்.

இரண்டு மாத பில்லையும் எடுத்து வரச் சொன்னேன். இரண்டும் புதிய கட்டண முறையில் வந்தவை; கணக்கு நாட்களும் சமம். ஒன்றில் 341 யூனிட், இன்னொன்றில் 353. வித்தியாசம் 12. ஸ்கூட்டரின் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் 341 யூனிட்டுக்கு விலை 23.43 சென், தொகை 79 ரிங்கிட் 90 சென். 353 யூனிட்டுக்கு விலை 27.43 சென்; தொகை 96 ரிங்கிட் 83 சென். 300 யூனிட்டுக்கு மேல் போனால் வரும் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதியை இதில் சேர்க்கவில்லை.

கூடிய 16 ரிங்கிட் 93 சென்னைப் பிரித்துப் பார்ப்போம். ஸ்கூட்டரின் 12 யூனிட்டுக்கு, புதிய விலையிலேயே, 3 ரிங்கிட் 29 சென். மீதி 13 ரிங்கிட் 64 சென், ஏற்கெனவே எரித்துக்கொண்டிருந்த 341 யூனிட்டுக்குத் தலா 4 சென் கூடியதால் வந்தது. அதாவது குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தொலைக்காட்சி, குளியலறைச் சுடுநீர் எல்லாம் சேர்ந்து 350-இன் விளிம்பு வரை வந்து நின்றிருந்தன. ஸ்கூட்டர் கடைசியாக வந்து ஏறியது. பழியும் அதன் தலையில் ஏறியது.

மச்சானிடம் இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் கேட்ட கேள்வி சரியானது: "அப்போ மூணே மூணு யூனிட் குறைச்சா போதுமா?"

போதும். பத்திரத்துக்கு ஐந்து யூனிட்டைக் குறைத்து 348-இல் நிறுத்தினால் பில் 81 ரிங்கிட் 54 சென். பதினைந்து ரிங்கிட் மிச்சம்.

ஐந்து யூனிட்டை எங்கே பிடிப்பது?

எல்லா வீட்டிலும் ஐந்து யூனிட் கிடைக்கும். தொலைக்காட்சி டிகோடர் பெட்டி யாரும் பார்க்காதபோதும் 10 வாட் இழுத்தால், மாதத்துக்கு 7 யூனிட். இரவில் சுவிட்சை அணைத்தால் பாதி மிச்சம். குளியலறைச் சுடுநீர்க் கருவி 3,000 வாட் பக்கம் எடுக்கும். தினமும் பத்து நிமிடம் ஓடினால் மாதம் 15 யூனிட். மூன்று நிமிடம் குறைத்தால் நாலரை யூனிட் மிச்சம். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் ஓர் இரவு ஓடினால் 4 முதல் 6 யூனிட். அத்தை பத்து பன்னிரண்டு நாள் ஊர் சுற்றிவரும் மின்சாரம் அது. குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால், ஒரு தாளை வைத்து மூடிப் பாருங்கள். தாள் வழுக்கி வந்தால் மாற்றுங்கள்.

உங்கள் பில்லை எடுத்து, மொத்த யூனிட் எந்த விளிம்பில் நிற்கிறது என்று பாருங்கள். 300, 350, 400, 450 ஆகியவற்றுக்குச் சற்று மேலே இருந்தால், கீழே இழுப்பதில் லாபம் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய விளிம்பு 600. அதைத் தாண்டினால் மாதம் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம், எரிபொருள் விலைக்கேற்ப மாறும் தொகை, சேவை வரி மூன்றும் எட்டிப் பார்க்கும். விளிம்புக்கு வெகு கீழே இருக்கிறீர்கள் என்றால், கவலையில்லாமல் சார்ஜ் போடுங்கள்.

இரவில் போட்டால் மலிவா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண வீட்டுக் கட்டணத்தில் பகலும் இரவும் ஒரே விலை. விருப்பப்பட்டு நேரவாரிக் கட்டணத்துக்கு மாறியவர்களுக்குத்தான் வித்தியாசம். அவர்களுக்கு வார நாட்களில் மதியம் 2 முதல் இரவு 10 வரை எரிசக்திக் கட்டணம் 28.52 சென், மற்ற நேரங்களிலும் வார இறுதியிலும் 24.43. ஸ்கூட்டரின் 12 யூனிட்டுக்கு இதனால் கிடைப்பது மாதம் 31 சென். ஸ்கூட்டருக்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

கையைக் கடிக்கும் செலவு எது?

இந்த வண்டியில் உண்மையான செலவு மின்சாரம் அல்ல, பேட்டரி. கடையில் ஒரு ஜோடி பேட்டரிக்கு 450 ரிங்கிட் சொல்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒன்றரை வருடம் உழைத்தால் மாதத்துக்கு 25 ரிங்கிட். மின்சாரத்தைப் போல எட்டு மடங்கு. அதே பேட்டரி ஒன்பது மாதத்தில் படுத்துவிட்டால் மாதத்துக்கு 50 ரிங்கிட். உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பேட்டரி சீக்கிரம் சாவதற்கு முதல் காரணம், அதைப் பட்டினி போடுவது. ஈய அமில பேட்டரி பாதி காலியாகி அப்படியே நாள்கணக்கில் கிடந்தால், உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பழைய கைப்பேசிக்குச் சொன்னதுபோல, முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும் என்பது இதற்குப் பொருந்தாது, கெடுதல். ஓட்டிவந்த அன்றே போட்டுவிட வேண்டும். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் வாரம் ஒரு தடவை போட வேண்டும்.

அத்தையின் சிக்கனம் செய்த வேலை இதுதான். மின்சாரத்தில் மாதம் இரண்டு மூன்று ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போய், வாரக்கணக்கில் அரைகுறையாகக் கிடந்த பேட்டரி பலமிழந்தது. அதற்கு முன் கோயிலுக்குப் போய்வந்த பிறகும் பாதி காட்டிய முள், இப்போது போகும்போதே சிவப்புக்கு வந்தது. வழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவர் இன்னும் குறைவாகப் போனார். குறைவாகப் போகப் போக பேட்டரி இன்னும் கெட்டது. கடைசியில் ஒரு ஜோடி புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது எதிரி வெயில். பேட்டரிக்கு உகந்த வெப்பம் 25 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் உள்ள பொதுவான கணக்கு. நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் மதியம் முழுக்க நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிழலில் நிறுத்துங்கள். ஓடி வந்த சூடு ஆறிய பிறகு, ஒரு அரைமணி நேரம் கழித்து சார்ஜ் போடுங்கள்.

லித்தியம் பேட்டரி வண்டிகளும் வருகின்றன. விலை கூடுதல், ஆனால் எடை குறைவு, இழப்பும் குறைவு, ஆயுளும் அதிகம். கணக்குப் போடும்போது 0.7-க்குப் பதில் 0.85-ஆல் வகுத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: ஈய அமில சார்ஜரை லித்தியத்துக்குப் போடக் கூடாது. வண்டியோடு வந்த சார்ஜர், அல்லது அதே வகை.

வயர்மேன் என்ற முறையில் சில வார்த்தைகள்

மூன்று முனை பிளக்கை நேராகச் சுவரில் செருகுங்கள். நான்கைந்து கருவிகள் தொங்கும் நீட்டிப்பு ஒயரில் இரவு முழுக்க விடாதீர்கள். தொட்டுப் பார்த்தால் பிளக் சுட்டால், துளை தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். சார்ஜரின் மேல் துணி, பாய் போடக் கூடாது. வெளிவாசலை மறித்து வண்டியை நிறுத்தக் கூடாது. அவசரத்தில் வெளியே ஓட வழி வேண்டும். மழைச் சாரல் படும் அஞ்சடி ஓரத்தில் சார்ஜ் போடாதீர்கள். மின்பெட்டியில் கசிவு துண்டிப்பானின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

உதவி பெற வழியும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் சமூக நல இலாகாவில் பதிந்து ஓகேயு அட்டை எடுத்துக்கொண்டால், செயற்கை உறுப்பு, துணைக் கருவிகளுக்கான உதவிக்கு விண்ணப்பிக்கலாம். சொக்சோ சந்தாதாரராக இருந்து உடல்திறன் இழந்தவர்கள், அங்கும் மறுவாழ்வு உதவி பற்றிக் கேட்க வேண்டும். இகாசே பட்டியலில் பரம ஏழை என்று பதிவான குடும்பங்களுக்கு மின்கட்டணத்தில் மாதம் 40 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஒரு ஸ்கூட்டரின் ஓராண்டு மின்சாரத்தைவிட அதிகம் அது. தகுதி இருந்தும் பதியாமல் இருக்கும் குடும்பங்களை எனக்கே தெரியும்.

இதையெல்லாம் ஒரு தாளில் சுருக்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்ட வேண்டுமானால், நான்கு வரி போதும். வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கு, 0.7-ஆல் வகு, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். பில்லில் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்தால் உங்கள் வீட்டில் ஒரு யூனிட்டின் விலை. இரண்டையும் பெருக்கு. பிறகு மாதத்தில் எத்தனை நாள் சார்ஜ் போடுகிறோமோ, அதால் பெருக்கு.

வரும் எண்ணை வீட்டில் இருக்கும் பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "மாசம் மூணு ரிங்கிட்தான், நீங்க தினமும் போய்ட்டு வாங்க" என்று சொல்லாதவரை, அவர்கள் தாங்களாகவே ஒரு பெரிய தொகையைக் கற்பனை செய்துகொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். பில் ஏறினால், எந்த விளிம்பைத் தாண்டியது என்று பாருங்கள். வெட்டுவதற்கு டிகோடரும் சுடுநீரும் குளிர்சாதனமும் இருக்கின்றன. கால் இல்லாதவருக்குக் காலாக இருக்கும் வண்டியில் கைவைக்க வேண்டாம்.